பொழுதுபோக்கு ஹாக்கியில் விசில் குறைய வேண்டுமா?

பொழுதுபோக்காக ஆடப்படும் ஹாக்கியில் நடுவர் விசிலை எவ்வளவு குறைவாக ஊதுகிறாரோ அவ்வளவு நல்லது என்ற எண்ணம் மைதானங்களில் வேரூன்றிவிட்டது. ஞாயிறு காலையில் கூடும் முன்னாள் மாணவர் அணிகள், அலுவலக அணிகள், கோடை விடுமுறையில் ஊருக்கு ஊர் நடக்கும் எழுவர் ஆட்டங்கள், நாற்பது வயதைத் தாண்டியவர்களின் மாலை நேரப் பயிற்சி என எல்லா இடங்களிலும் ஒரே பேச்சுதான். "மெடலா தரப் போறாங்க? விட்டு ஆடுங்கப்பா." இதற்குச் சொல்லப்படும் காரணங்கள் கேட்பதற்கு நியாயமாகவே படும். ஆட்டம் அடிக்கடி நின்றால் சுவை போய்விடும். பழகியவர்களுக்குள் அட்டை காட்டுவது அழகில்லை. விசில் பிடித்திருப்பவரும் அவர்களில் ஒருவர்தான், அவரிடம் துல்லியத்தை எதிர்பார்க்க முடியாது. இந்தக் காரணங்களில் எதுவுமே ஆராய்ந்தால் தேறாது. ஆடுவோரின் திறமை குறையக் குறைய விசிலின் தேவை கூடுகிறது. முக்கியமாக, ஆபத்தான ஆட்டத்துக்கு ஊத வேண்டிய விசில், தேசிய அணிகள் மோதும் ஆட்டத்தைவிட ஊர் மைதானத்தில்தான் சீக்கிரமாகவும் கறாராகவும் ஒலிக்க வேண்டும்.

'விட்டு ஆடுங்கள்' என்ற பேச்சு தொலைக்காட்சியில் இருந்து வந்தது. பன்னாட்டு ஆட்டங்களில் நடுவர்கள் பல தவறுகளைக் கண்டும் ஊதாமல் விடுவதைப் பார்த்தவர்கள், அதுவே நல்ல நடுவருக்கு இலக்கணம் என்று எடுத்துக்கொண்டார்கள். அந்த நடுவர்கள் எந்த நிலைமையில் அப்படி விடுகிறார்கள் என்பது திரையில் தெரிவதில்லை. ஆளுக்கொரு பாதி மைதானமாக இரண்டு பேர் நிற்கிறார்கள். காதில் இருக்கும் கருவி வழியாக ஒருவரோடு ஒருவர் பேசிக்கொண்டே இருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் வீடியோ நடுவரைக் கேட்கலாம். தண்ணீர் தெளித்த செயற்கைப் புல்தரையில் பந்து நினைத்த வழியில் ஓடுகிறது. பந்து வரும் வேகத்தைப் பல ஆண்டுகளாகக் கணித்துப் பழகியவர்களே இரு பக்கமும் ஆடுகிறார்கள். இத்தனையும் இருப்பதால்தான் அங்கே விசில் குறைகிறது. இவற்றில் ஒன்றுகூட இல்லாத செம்மண் தரைக்கு அந்தப் பொறுமையை மட்டும் கொண்டுவருவது பொருந்தாது.

'அட்வான்டேஜ்' விதியும் இதற்குத் துணையாகத் தவறாக எடுத்தாளப்படுகிறது. ஒரு தரப்பு விதியை மீறியதால் எதிர்த்தரப்புக்கு இழப்பு நேர்ந்தால் மட்டுமே தண்டனை தர வேண்டும் என்று பன்னாட்டு ஹாக்கிக் கூட்டமைப்பின் விதிநூல் சொல்வது உண்மைதான். பாதிக்கப்பட்ட அணி பந்தோடு முன்னேறிக்கொண்டிருக்கும்போது விசில் ஊதினால் அதன் பலன் தவறு செய்தவருக்கே போய்ச் சேரும். அதைத் தடுக்கத்தான் இந்த விதி. பாதிக்கப்பட்டவருக்கான சலுகையைத் தவறு செய்தவருக்கான மன்னிப்பாக மாற்றிவிட்டது பொழுதுபோக்கு மைதானம். அதே விதிநூல் நடுவர்களுக்குத் தரும் அறிவுரையில், ஆட்டத்தின் தொடக்கத்திலேயே கண்டிப்பு காட்டினால் அந்தத் தவறு பிறகு திரும்ப நிகழாது என்ற கருத்தும் இருக்கிறது. கடுமையான மீறல்களை உடனுக்குடன் கவனிக்க வேண்டும் என்றும் அது சொல்கிறது. விட்டு ஆடச் சொல்பவர்கள் இந்தப் பக்கங்களைத் திறப்பதில்லை.

ஹாக்கிப் பந்தின் எடை 156 முதல் 163 கிராம் வரை. தொட்டுப் பார்த்தால் கல் போல இருக்கும். மணிக்கு 70 கிலோமீட்டர் வேகத்தில் அடிக்கப்பட்ட பந்து ஐந்து மீட்டரைக் கால் நொடியில் கடந்துவிடும். வாரம் ஒருமுறை ஆடுபவர்கூட முழு வீச்சில் சரியாக அடித்தால் இந்த வேகத்தை எட்டிவிடலாம். அடிப்பதற்கு வலிமை போதும். வரும் பந்தை நிறுத்தவும் விலகவும் பயிற்சி வேண்டும். பொழுதுபோக்கு ஆட்டத்தின் முழு ஆபத்தும் இந்த இடைவெளியில்தான் இருக்கிறது. கல்லூரி அணியில் முன்கள வீரராக இருந்த இருபத்தைந்து வயதுக்காரரும், மட்டை பிடித்து மூன்று மாதமே ஆன கணக்கரும் கோலுக்கு முன்னால் உள்ள ஒரே 'டி' வளைவுக்குள் நிற்கிறார்கள். தேசிய அணிகளின் ஆட்டத்தில் இப்படி ஒரு ஏற்றத்தாழ்வு இருக்காது.

தரையும் சேர்ந்து சதி செய்யும். 1976 மாண்ட்ரியால் ஒலிம்பிக்கில் முதன்முறையாக ஹாக்கி செயற்கைத் தரையில் ஆடப்பட்டது. அதன்பின் உயர்மட்ட ஆட்டம் முழுவதும் செயற்கைத் தரைக்குப் போய்விட்டது. கோவில்பட்டியிலும் சென்னை எழும்பூரிலும் அத்தகைய மைதானங்கள் உண்டு. ஆனால் தமிழ்நாட்டில் பொழுதுபோக்காக ஆடுபவர்களில் பெரும்பாலானோருக்குக் கிடைப்பது பள்ளி மைதானத்துக் கட்டாந்தரைதான். வலதுபுறத்தில் இருந்து ஒருவர் 'டி'யின் விளிம்புக்கு வந்து, மட்டையைத் தோளுக்கு மேல் தூக்கி அடிக்கிறார். பந்து தரையோடுதான் கிளம்புகிறது. மூன்று மீட்டர் தள்ளி, போன மழையில் மண் அரித்து மேலே தெரியும் ஒரு சரளைக்கல்லில் பட்டு, எதிரே நிற்கும் காப்பாளரின் முழங்காலுக்கு மேல் வந்து விழுகிறது. அவர் தொடையைப் பிடித்துக்கொண்டு உட்காருகிறார். அடித்தவர் இரு கையையும் விரித்து, "வேணும்னா அடிச்சேன்? கல்லுல பட்டு ஏறிருச்சு" என்கிறார். நடுவர் தலையாட்டுகிறார். காப்பாளர் நொண்டிக்கொண்டே எழ, பந்து அவர் உடம்பில் பட்டது என்ற கணக்கில் பெனால்டி கார்னர் தரப்படுகிறது. அடி வாங்கியவர் அணிக்கே தண்டனை.

ஆபத்தான ஆட்டம் பற்றிய விதி, அடித்தவரின் நோக்கத்தைக் கேட்பதே இல்லை. பந்தை ஆபத்தாக ஆடக் கூடாது, ஆபத்தான நிலைமைக்கு இட்டுச் செல்லும் விதத்திலும் ஆடக் கூடாது என்பதே விதி. எதிரே இருப்பவர் தன்னைக் காத்துக்கொள்ள நியாயமான காரணத்தோடு விலக வேண்டி வந்தாலே பந்து ஆபத்தானதாகக் கருதப்படும். மேலே பட வேண்டும் என்றுகூட இல்லை. ஐந்து மீட்டருக்குள் நிற்கும் எதிராளியை நோக்கி ஃபிளிக் அல்லது ஸ்கூப்பாகப் பந்தை உயர்த்துவதும் ஆபத்துதான். வேண்டுமென்றே செய்தாரா என்ற கேள்வி, அட்டை காட்டலாமா, தண்டனையைக் கூட்டலாமா என்று முடிவெடுக்கும்போதுதான் வருகிறது. ஃப்ரீ ஹிட் தருவதற்கு அது தேவையே இல்லை. ஆகவே முன்சொன்ன காட்சியில் பந்து அடிக்கப்பட்ட இடத்திலேயே காப்பாளர் அணிக்கு ஃப்ரீ ஹிட் தந்திருக்க வேண்டும். சரளைக்கல்மேல் பழி போட்டுத் தப்பிக்க விதியில் வழி இல்லை. கல் நிறைந்த தரையில் முழு வீச்சில் அடிக்கிறவர், அந்தப் பந்து எங்கே போகும் என்பதற்கும் பொறுப்பேற்றுத்தான் அடிக்க வேண்டும்.

விசில் குறைய வேண்டும் என்பவர்கள் பார்க்கத் தவறும் இன்னொன்றும் இருக்கிறது. பொழுதுபோக்கு ஆட்டத்தில் விசில் உண்மையில் குறைவாகவும் இல்லை; தப்பான இடத்தில் செலவாகிறது. பந்து யார் காலில் பட்டாலும் பத்துக் குரல்கள் ஒரே நேரத்தில் எழுகின்றன, நடுவரும் ஊதிவிடுகிறார். காலில் பட்ட பந்தெல்லாம் குற்றம் என்று விதி சொல்லவில்லை. குற்றமாக வேண்டுமானால், பந்து பட்டதால் அந்த ஆட்டக்காரருக்குப் பலன் கிடைத்திருக்க வேண்டும், அல்லது பந்தை உடம்பால் தடுக்க வேண்டும் என்றே அவர் அங்கே நின்றிருக்க வேண்டும். நடுக்களத்தில், யாருக்கும் எந்த லாபமும் இல்லாமல் ஷூவின் ஓரத்தில் உரசிப் போன பந்துக்கு விசில். பின்னால் இருந்து மட்டையால் கணுக்காலில் வெட்டியதற்கு மௌனம். மட்டையின் வளைந்த பின்பக்கம் பட்டது உடனே கண்ணில் படுகிறது. உயரத்தில் இருந்து இறங்கும் பந்தை வாங்க நிற்பவர் மேல் எதிராளி பாய்வது கண்ணில் படுவதில்லை. முதலில் வாங்குபவர் பந்தைக் கட்டுப்படுத்தித் தரைக்குக் கொண்டுவரும்வரை எதிரணியினர் ஐந்து மீட்டர் தள்ளி நிற்க வேண்டும் என்ற விதி, பாதிப் பேருக்குத் தெரியாமலே இருக்கிறது. ஆட்டம் நின்று நின்று போகிறது என்ற குறை நியாயமானதுதான். அதைத் தீர்க்க அற்ப விசில்களைத்தான் குறைக்க வேண்டும்.

பெனால்டி கார்னரில் நிலைமை இன்னும் மோசம். பந்து பின்கோட்டில், கோல் கம்பத்தில் இருந்து 10 மீட்டர் தள்ளி வைக்கப்படுகிறது. கோல் கீப்பரையும் சேர்த்து ஐந்து பேர் மட்டுமே கோட்டுக்குப் பின்னால் நின்று காக்கலாம். பந்து 'டி'யை விட்டு வெளியே போய்வந்த பிறகே கோலை நோக்கி அடிக்க முடியும். முதல் அடி 'ஹிட்' ஆக இருந்தால், கோல் கோட்டைக் கடக்கும்போது பந்து 460 மில்லிமீட்டருக்கு மேல் போகக் கூடாது. அது கோலுக்குள் இருக்கும் பலகையின் உயரம். டிராக் ஃபிளிக்குக்கு அந்த உயர வரம்பு இல்லை. தேர்ந்த ஃபிளிக்கரின் பந்து மணிக்கு 100 கிலோமீட்டரைத் தாண்டும். அதை எதிர்கொண்டு ஓடும் காப்பாளர்கள் உயர்மட்ட ஆட்டத்தில் முகக் கவசமும் கையுறையும் முழங்கால் காப்பும் அணிந்திருப்பார்கள். ஊர் ஆட்டத்தில் அவர்கள் பனியனும் அரைக்கால் சட்டையுமாக ஓடுகிறார்கள். பல்லைக் காக்கும் கவசம்கூட எல்லாரிடமும் இருப்பதில்லை.

இங்கே விதி தெளிவாகவே பேசுகிறது. முதல் அடிக்கு ஐந்து மீட்டருக்குள் இருக்கும் காப்பாளரின் முழங்காலுக்குக் கீழே பந்து பட்டால் இன்னொரு பெனால்டி கார்னர். இயல்பாக நிற்கும்போது முழங்காலிலோ அதற்கு மேலோ பட்டால், அந்த அடியே ஆபத்தானது. ஃப்ரீ ஹிட் காக்கும் அணிக்குப் போகும். மட்டையால் பந்தை ஆட முயலாமல் உடம்பைக் குறுக்கே கொடுத்து ஓடிவருபவருக்குத் தண்டனை உண்டு என்பதும் உண்மை. ஆனால் மைதானத்தில் நிலவும் நம்பிக்கை வேறு: பந்து உடம்பில் எங்கே பட்டாலும் மறுபடி கார்னர். இந்த நம்பிக்கையால் விளைவது என்ன? உடம்பைக் குறிவைத்து உயர்த்தி அடித்தாலும் அடித்த அணிக்கு நட்டம் இல்லை. கோல் ஆனால் கோல், இல்லையென்றால் இன்னொரு வாய்ப்பு. ஒருமுறை காக்கும் அணிக்கு நடுவர் ஃப்ரீ ஹிட் தந்தால், அடுத்த கார்னரில் பந்து தரையோடு வரும். கவசம் இல்லாத போட்டிகளில் முதல் அடி, ஃபிளிக்கும் சேர்த்து, பலகை உயரத்துக்கு மேல் போகக் கூடாது என்று ஏற்பாட்டாளர்கள் முன்கூட்டியே அறிவித்துவிடுவது இன்னும் நல்லது. இதனால் ஹாக்கியின் அழகு போய்விடும் என்று முறையிடுபவர்கள், அந்த அழகைக் கவசம் இல்லாத நெற்றியால் வாங்க யாரும் கடமைப்பட்டிருக்கவில்லை என்பதை ஏற்றுக்கொள்ளத்தான் வேண்டும்.

அட்டையால் நட்பு கெடும் என்ற வாதம் மனிதர்களை நன்கு அறிந்தது போலத் தோன்றும். மைதானத்தில் நடப்பது அதற்கு நேர்மாறானது. முதல் வெட்டுக்கு விசில் வராதபோது, வெட்டு வாங்கியவர் தன் நியாயத்தைத் தானே தேடிக்கொள்ளத் தொடங்குகிறார். பத்து நிமிடம் கழித்து அவர் திருப்பித் தருகிறார். நடுவர் கண்ணில் படுவது பெரும்பாலும் இந்த இரண்டாவதுதான், தண்டனையும் அவருக்கே. அதன்பிறகு இரு அணிகளும் பந்தை விட்டுவிட்டு ஆளைப் பார்த்து ஆடுகின்றன. பச்சை அட்டை என்பது 2 நிமிடம் வெளியே உட்காருவது. மஞ்சள் அட்டைக்குக் குறைந்தது 5 நிமிடம். சிவப்பு வந்தால் மட்டுமே ஆட்டம் முழுவதும் போகிறது. சூடேறிய ஒருவரை இரண்டு நிமிடம் தண்ணீர் குடித்து மூச்சு வாங்க வைப்பது, அவருக்கும் அவர் அடுத்து மோதவிருந்தவருக்கும் செய்யும் நன்மை. ஏழு பேர் ஆடும் குறுகிய ஆட்டத்தில் இரண்டு நிமிடம் அதிகம் என்றால் ஒரு நிமிடம் என்று வைத்துக்கொள்ளலாம். அளவைக் குறைக்க நியாயம் உண்டு; அட்டையையே சட்டைப் பையில் வைத்துத் தைத்துவிட நியாயம் இல்லை.

காயத்தின் விலையையும் இந்த வாதம் கணக்கில் எடுப்பதில்லை. சம்பளத்துக்கு ஆடும் வீரருக்கு விரல் முறிந்தால் மருத்துவர் வருவார், சிகிச்சைக்குச் சங்கம் இருக்கும், இருப்பிலுள்ள வேறொருவர் இறங்குவார். ஞாயிறு ஆட்டத்தில் விரல் முறிந்த கொத்தனாருக்கு ஆறு வாரம் கூலி இல்லை. ஓட்டுநருக்கு வண்டி எடுக்க முடியாது. திங்கட்கிழமை வேலைக்குப் போயாக வேண்டியவர்கள் ஆடும் ஆட்டம் என்பதே அதில் கூடுதல் கண்டிப்பு தேவை என்பதற்குப் போதுமான காரணம். இரண்டு முறை அடிபட்ட புதியவர் மூன்றாம் வாரம் வருவதில்லை. யாரிடமும் சொல்லிக்கொண்டு போவதும் இல்லை. ஆண்களும் பெண்களும் கலந்து ஆடும் இடங்களில் முதலில் குறைவது பெண்களின் எண்ணிக்கை. எஞ்சி நிற்பவர்கள் முரட்டு ஆட்டத்தைத் தாங்கக்கூடியவர்கள் மட்டுமே. பிறகு அவர்களே, இங்கே யாருக்கும் குறை இல்லையே என்று சாட்சி சொல்கிறார்கள்.

ஆட்டத்தின் மட்டம் இறங்க இறங்க விதியைக் கடுமையாக்குவது மற்ற விளையாட்டுகளில் நடைமுறைக்கு வந்துவிட்டது. வட அமெரிக்காவின் பனி ஹாக்கி முரட்டுத்தனத்துக்குப் பேர் போனது. தேசிய ஹாக்கி லீகில் கைகலப்பில் இறங்கியவர் 5 நிமிடம் தண்டனைப் பெட்டியில் உட்கார்ந்துவிட்டுத் திரும்ப ஆடலாம். அதே அமெரிக்காவில் பொழுதுபோக்கு ஆட்டங்களுக்கான விதியில் கைகலப்புக்கு அந்த ஆட்டத்தை விட்டே வெளியேற்றம். லீகில் உடம்பால் மோதி எதிராளியைத் தள்ளுவது ஆட்டத்தின் அங்கம். பெரியவர்களின் பொழுதுபோக்கு லீகுகளில் பெரும்பாலானவற்றில் அது தடை செய்யப்பட்டிருக்கிறது. 11, 12 வயதுச் சிறுவர்களின் ஆட்டத்திலும் அந்த மோதலை அமெரிக்கா 2011-லும் கனடா 2013-லும் நிறுத்திவிட்டன. இங்கிலாந்தில் 2023-இல் ரக்பி சங்கம், உள்ளூர் அணிகளின் ஆட்டத்தில் எதிராளியைப் பிடித்து வீழ்த்தும் உயரத்தை மார்பெலும்புக்குக் கீழே இறக்கியது. எதிர்ப்புக் கிளம்பியது, ஆட்டம் செத்துவிடும் என்றார்கள். உள்ளூர் ரக்பி இன்றும் ஆடப்படுகிறது.

நடுவரும் தவறு செய்வார் என்பது மறுக்க முடியாத உண்மை. அதனால் அவர் ஊதாமல் இருக்க வேண்டும் என்பதுதான் பொருந்தாத முடிவு. உலகின் மிகப் பெரிய ஆட்டங்களிலேயே ஒரு மனிதரின் கண்ணை நம்பித்தான் முடிவுகள் வந்திருக்கின்றன. 1975-இல் கோலாலம்பூரில் நடந்த உலகக் கோப்பை இறுதி ஆட்டத்தில் இந்தியாவின் அசோக் குமார் அடித்த பந்து கோல் கம்பத்தில் பட்டு வெளியே திரும்பியது. அது கோட்டைத் தாண்டியதா இல்லையா என்பதை மலேசிய நடுவர் ஜி. விஜயநாதன் அந்த நொடியிலேயே தீர்மானிக்க வேண்டியிருந்தது. வீடியோ இல்லை. அவர் கோல் என்றார். பாகிஸ்தான் அணியினர் வாதாடினர், முடிவு மாறவில்லை, இந்தியா 2-1 என்று வென்றது. அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் மியூனிக் ஒலிம்பிக் இறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் 0-1 என்று தோற்ற பாகிஸ்தான் அணியினர், நடுவர்களைக் குற்றம் சாட்டிக் கலகம் செய்தனர். கூட்டமைப்பின் தலைவர் ரெனே ஃப்ராங்கின் மேல் தண்ணீர் கொட்டப்பட்டது. வீரர்களுக்கு வாழ்நாள் தடை விதிக்கப்பட்டது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. இரு நிகழ்வுகளிலும் நடுவருக்குப் பின்னால் ஓர் அமைப்பு நின்றது.

ஊர்ப் போட்டியில் நடுவருக்குப் பின்னால் யாரும் நிற்பதில்லை. கோப்பையை நன்கொடையாகத் தந்தவரின் அணிக்கு எதிராக ஊதிவிட்டால், ஏற்பாட்டாளரே பக்கக் கோட்டில் இருந்து சத்தம் போடுகிறார். இளைஞர் ஒருவர் ஆர்வத்தோடு விதிகளைப் படித்து விசில் எடுத்தால், ஒரே போட்டியில் வாங்கும் வசவில் அடுத்த ஆண்டு அந்தப் பக்கமே வரமாட்டார். பிறகு நல்ல நடுவர் கிடைப்பதில்லை என்று புலம்பி, கிடைக்காததையே விசில் குறைய வேண்டும் என்பதற்குக் காரணமாகக் காட்டுவது வாடிக்கை. நடுவரின் துல்லியம் குறை என்றால் அவரைத் தனியே விடாமல் இருவரை நிறுத்துவதும், ஆட்டத்துக்கு முன் இரு அணித் தலைவர்களையும் அழைத்து ஆபத்தான ஆட்டம், வான்வழிப் பந்து, கார்னர் ஆகியவற்றுக்கு எப்படி ஊதப்படும் என்று சொல்லிவிடுவதும், வாதாடும் உரிமையைத் தலைவருக்கு மட்டும் தந்து அதையும் ஆட்டம் முடிந்தபின் வைத்துக்கொள்ளச் சொல்வதும் ஏற்பாட்டாளரால் செய்யக்கூடியவை. சந்தேகம் வரும்போது எந்தப் பக்கம் சாய்வது என்பதற்கும் விடை இருக்கிறது. பந்து காலில் பட்டதா என்ற சந்தேகத்தில் ஆட்டம் தொடரலாம். பந்து ஒருவர் முகத்தை நோக்கி எழும்பியதா என்ற சந்தேகத்தில் விசில் ஊத வேண்டும். முதல் தவறால் அதிகபட்சம் ஒரு கோல் போகும்.

நடுவரே இல்லாமல் ஆடும் கூட்டங்களுக்கும் இது பொருந்தும். அவர்கள் தவறைத் தாமாகவே ஒப்புக்கொண்டு பந்தைக் கொடுத்துவிடும் நல்ல வழக்கத்தைக் காத்து வருகிறார்கள். காலில் பட்டது, கோட்டைத் தாண்டியது போன்றவற்றுக்கு அது போதும். ஆபத்துக்குப் போதாது; ஏனெனில் அடித்தவருக்கு ஆபத்து தெரிவதில்லை, எதிரே நிற்பவருக்குத்தான் தெரியும். ஆகவே அங்கே முடிவைச் சொல்லும் உரிமை விலகியவருடையதாக இருக்க வேண்டும். அவர் 'ஆபத்து' என்றால் பந்து அவர் பக்கம், விவாதம் இல்லை. கட்டாந்தரையில் 'டி'க்குள் முழு வீச்சு அடியைத் தவிர்த்து புஷ்ஷோடு நிறுத்திக்கொள்வது, ஆள் நிற்கும் திசையில் பந்தை உயர்த்தாமல் இருப்பது, கோல் கீப்பர் முழுக் கவசத்தோடு இல்லாத நாளில் பெனால்டி கார்னரையே விட்டுவிட்டு 23 மீட்டர் கோட்டில் இருந்து ஃப்ரீ ஹிட்டாக ஆடுவது ஆகியவற்றை முதல் பந்துக்கு முன்பே பேசி முடித்துவிடலாம்.